பேடு மாற்றிய பிறகும் பிரேக் சத்தமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரில் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க்; அதை இரு பக்கமும் அழுத்தி நிறுத்தும் கட்டைதான் பேடு. புது பேடு போட்ட மறுநாளே பிரேக் கீச்சென்று கத்தினால், உடனே "டூப்ளிகேட் பேடு போட்டுவிட்டார்கள்" என்று அதைக் கழற்றி வேறு கம்பெனி பேடு வாங்கிப் போடுகிறார்கள். பணம் போகும், பெரும்பாலும் சத்தம் போகாது. கோளாறு பேடில் இருப்பதைவிட, அது உட்காரும் இடத்தில் இருப்பதுதான் அதிகம்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். பிரேக் மிதிக்காமலே கரகரவென்று உரசினால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வேலையின்போது வளைந்திருக்கலாம், அல்லது இடையில் சின்னக் கல் சிக்கியிருக்கலாம். வேகம் கூடக் கூட உறுமல் கூடி, வளைவில் திரும்பும்போது அது மாறினால் வீல் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். மழைக்கு மறுநாள் காலை கேட்கும் உரசல் டிஸ்க்கில் படிந்த துரு. நாலைந்து முறை மிதித்தால் போய்விடும்.

மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் கிளிப்பைப் பாருங்கள். பேடின் இரண்டு காதுகளும் நகரும் பள்ளத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அதன் அடியில் துரு ஏறினால் கிளிப் மேலே தூக்கும், பேடு இறுகும். பலர் துருவைச் சுரண்டாமல் பழைய கிளிப்பிலேயே புது பேடை அடித்துச் செருகிவிடுகிறார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் புது கிளிப் போட்டால், பேடு கையால் தள்ளினாலே நகர வேண்டும். கிளிப்பே இல்லாமல் விட்டால், ரிவர்ஸ் எடுத்து முன்னே போய் மிதிக்கும்போது 'டக்' என்று கேட்கும்.

கழற்றிய பழைய பேடுகளைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் இரண்டு பேடில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் (பேடுகளைப் பிடித்து அழுத்தும் பாகம்) நகர்வதற்கான பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை உப்பிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் லேசாகச் சத்தம் வந்தால், பேடு இன்னும் டிஸ்க்கில் பதியாமல் இருக்கலாம். காலி சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள். சற்று ஓட்டி ஆறவிட்டு, எட்டு பத்து முறை இப்படிச் செய்யுங்கள்.

சத்தத்தை நிறுத்த எண்ணெய் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், பிரேக் பிடிக்காமல் போகும். இரும்போடு இரும்பு உரசுவது போலக் கேட்டால் "மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்றும் கிளம்ப வேண்டாம். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.