கிண்டர் ஸ்கௌட்: உச்சியில்லாத மலையில் நடப்பது எப்படி

கிண்டர் ஸ்கௌட்டில் உச்சி என்று கைகாட்ட ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே உள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இதைவிட உயரமான இடம் கிடையாது. உயரம் 636 மீட்டர். ஆனால் அந்த இடம், கறுத்த ஈரமண் திட்டுகளுக்கு நடுவே இன்னொரு திட்டு, அவ்வளவுதான். மலையின் தலை கூம்பாக இல்லாமல், பல சதுர கிலோமீட்டர் விரிந்த மேசையாக இருக்கிறது. அதனால் இங்கே ஏறுவது பெரிய வேலை இல்லை. ஏறிய பிறகு மேசையின் நடுவுக்குள் போகாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தெரிய வேண்டும். பார்க்க வேண்டிய பாறைகளும் பள்ளத்தாக்கின் காட்சியும் விளிம்பில்தான் இருக்கின்றன. வழி தவறாமல் காப்பதும் அதே விளிம்புதான்.

காலடியில் இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். அடியில் இருப்பது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து இறுகிய சொரசொரப்பான மணற்கல். திரிகைக்கல் செய்ய உதவியதால் அதற்கு ‘மில்ஸ்டோன் கிரிட்’ என்று பெயர். அதன் மேல் பீட். நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் ஸ்ஃபாக்னம் பாசியும் மற்றச் செடிகளும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கறுப்பு மண் அது. மழைநீர் அந்த மண்ணை அறுத்து அறுத்து வாய்க்கால்களாக்கியிருக்கிறது. ஊரார் இவற்றை ‘கிரஃப்’ என்பார்கள். சில கிரஃப்கள் ஆள் உயரத்தைவிட ஆழம். உள்ளே இறங்கினால் இரு பக்கமும் கறுப்புச் சுவர்தான். வாய்க்கால் வளைந்து வளைந்து போவதால், வடக்கே போவதாக நினைத்து நடப்பவர் ஐந்தே நிமிடத்தில் கிழக்கே போய்க்கொண்டிருப்பார்.

ஆலைப் புகை பாசியைக் கொன்றது, ஆடுகள் மேய்ந்து தீர்த்தன, தீ பிடித்தது. மேசையின் பெரும்பகுதி வெறும் கறுப்பு மண்ணாகக் கிடந்த காலம் உண்டு. 1982-இல், இயற்கையையும் பழைய இடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் இந்த மலையை வாங்கியது. அதன் பிறகு வாய்க்கால்களுக்குக் குறுக்கே சிறு தடுப்புகள் கட்டி, பாசியை மீண்டும் நட்டு வருகிறார்கள். அந்தப் பச்சைத் திட்டுகளை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்குத் தெற்கு விளிம்புச் சுற்று நல்லது. மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள எடேல் ஊரின் ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும். 14 முதல் 15 கி.மீ., ஏற்றம் சுமார் 500 மீட்டர். நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அதன்படி நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் பீட்டும் பாறையும் நடையை மெதுவாக்கும். இளைப்பாறவும் நேரம் வேண்டும். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பதுக்குப் பிறகு தொடங்குவதாக இருந்தால் அன்று போகாதீர்கள்.

பையில் முதலில் வைக்க வேண்டியது பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ‘ஓஎல்1’ காகித வரைபடம். அளவு 1:25,000, அதாவது 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். அதோடு ஒரு திசைகாட்டி. கைப்பேசி வரைபடம் கூடுதல் வசதி மட்டுமே. குளிரில் மின்கலம் சீக்கிரம் தீரும், ஈர விரலுக்குத் திரை வேலை செய்யாது. கணுக்கால் மூடிய பூட்ஸ், மழைக்கோட்டு, மழைக்காற்சட்டை, தொப்பி, கையுறை, ஊதல், தலைவிளக்கு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த காலுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் எல்லாம் வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் உலராது, காற்றில் உடல் சூட்டை உறிஞ்சும். கையுறையைக் கழற்றாமல் சாப்பிடக்கூடிய சப்பாத்திச் சுருள் போன்ற உணவு, சோற்றுப் பொட்டலத்தைவிட வசதி.

நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் ஓல்ட் நாக்ஸ் ஹெட் விடுதி வரும். ஸ்காட்லாந்து எல்லைவரை 430 கி.மீ. போகும் பென்னைன் வே நெடும்பாதை தொடங்கும் இடம் இது. பழைய பாதை இங்கிருந்து நேரே மேசையைக் குறுக்கே கடந்தது. நடப்பவர்களின் காலடியில் மண் அரித்துப்போனதால் இப்போது மேற்கே சுற்றிப் போகிறது. நீங்களும் அப்படியே போங்கள். வயல்வெளி வழியே அப்பர் பூத் பண்ணையைத் தாண்டி, நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ.யில், பொதி குதிரைகள் போவதற்காகக் கட்டிய சிறு கல்பாலம். அதற்கு அப்பால் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி ஏற்றம். இந்த நடையில் மூச்சு வாங்குவது இங்கேதான். படியின் தலையில் சட்டையைச் சரிசெய்து, காற்றுக்கான மேலுடையைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையோடு விளிம்புக்குப் போனால் பத்து நிமிடத்தில் குளிரெடுக்கும்.

அடுத்து வடக்கே திரும்பி எடேல் ராக்ஸ் வழியாகக் கிண்டர் லோ. அங்கே நில அளவைத் தூண் இருக்கிறது, 633 மீட்டர். உச்சியைத் தொட விரும்புகிறவர்கள் இதோடு நிறைவடையுங்கள். மிச்சமுள்ள மூன்று மீட்டருக்காகத்தான் பலர் கிரஃப்களுக்குள் புகுந்து தொலைகிறார்கள். வந்த வழியே எடேல் ராக்ஸுக்குத் திரும்பி, கிழக்கே பிரியும் தடத்தைப் பிடித்தால் நோ ஸ்டூல் பாறை. அங்கிருந்து பிம் சேர், வூல் பேக்ஸ், கிரௌடன் டவர் வரை உள்ள இரண்டு கிலோமீட்டருக்காகவே இந்த மலைக்கு வரலாம். காற்றும் உறைபனியும் செதுக்கிய பாறைகள் மூட்டைகளாக, நாற்காலிகளாக, பட்டறைக் கல்லாக நிற்கின்றன. வலப்பக்கம் எடேல் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடக்கும். வூல் பேக்ஸ் பாறைக் கூட்டத்தில் தடம் பலவாகப் பிரியும். எதில் போனாலும் சரி, சரிவு வலக்கைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிரௌடன் டவரைத் தாண்டினால் தடம் ஓடையில் இறங்கி மறுகரையில் ஏறும். பிறகு 601 மீட்டர் உயர கிரிண்ட்ஸ்லோ நோல் குன்று. அங்கிருந்து தென்கிழக்கே ஊருக்கு நேராக இறங்கும் பாதை செங்குத்து, முழங்காலுக்கு வேலை; ஆனால் தெளிவான தடம். கிரிண்ட்ஸ்புரூக் ஓடைப் பள்ளம் வழியாக இறங்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். உருண்ட பாறைகள் நிறைந்த வழி அது. மழையிலும் பனியிலும் வேண்டாம்.

மூடுபனி இங்கே முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சுவரில் மோதி மேலெழும்போது அரை மணிக்குள் எல்லாம் மறையும். உடனே நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தை வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்லுங்கள். நோ ஸ்டூலுக்கு முன் என்றால் ஜேக்கப்ஸ் லேடருக்குத் திரும்புவதே நல்லது. அதைக் கடந்துவிட்டால் கிழக்கே விளிம்போடு தொடருங்கள். இரு பக்கமும் சமதளமாகத் தெரிந்தால் மேசைக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திசைகாட்டியைப் பார்த்துத் தெற்கே மெதுவாக நடந்தால் மீண்டும் விளிம்பு வரும். நடந்த தூரம் அறிய ஒரு காலை மட்டும் எண்ணுங்கள்: நல்ல தடத்தில் 100 மீட்டருக்குச் சுமார் 65, சேற்றில் 80 வரை. ஓடை எங்கேயாவது கீழே கொண்டுசேர்க்கும் என்று நம்பிப் பின்தொடராதீர்கள். இங்கே ஓடைகள் விளிம்பில் பாறைச் சரிவாகவே விழுகின்றன. உதவி தேவையானால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஆறு. தொலைபேசியில் அவசர எண் 999 அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள்.

புதைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: பளிச்சென்ற பச்சைப் பாசி, மழைக்குப் பின் மினுங்கும் வெற்றுக் கறுப்பு மண். ஹெதர் புதர் வேர்பிடித்த மேட்டிலும், வாய்க்கால் அடியில் வெளிர் மணல் தெரியும் இடத்திலும் கால் நிற்கும். முழங்கால் வரை இறங்கிவிட்டால் வெடுக்கென இழுக்காதீர்கள், பூட்ஸ் உள்ளேயே தங்கிவிடும். உடம்பைச் சாய்த்து எடையைப் பரப்பி, குதிகாலை முதலில் தளர்த்தி மெல்ல எடுங்கள்.

மே, ஜூனில் பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆகஸ்டில் ஹெதர் ஊதா. குளிர்காலத்தில் வெண்மையாக மாறும் மலை முயல், இங்கிலாந்தில் இந்தப் பகுதியில் மட்டுமே காட்டு விலங்காக வாழ்கிறது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக நாயைக் கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டும், இது சட்டம். அடுப்பு, நெருப்பு எதுவும் கூடாது. பீட் உள்ளே கனன்றால் நாட்கணக்கில் அணையாது.

நாள் நீளமாகவும் வானம் தெளிவாகவும் இருந்தால் கிண்டர் லோவிலிருந்து மேற்கு விளிம்போடு வடக்கே இரண்டு கி.மீ. போய்த் திரும்பலாம், ஒன்றரை மணி கூடும். வழியெல்லாம் கீழே ஹேஃபீல்ட் ஊர்ப் பக்கம் தெரியும். 1932 ஏப்ரல் 24 அன்று, தனியார் வேட்டை நிலமாகப் பூட்டிக் கிடந்த இந்த மலையில் நடக்கும் உரிமை கேட்டு, பென்னி ராத்மனும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களும் ஏறி வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். ஐந்து பேர் சிறை சென்றார்கள். இந்தத் திறந்த மேட்டில் யாரும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுத்தானது. தடம் முடியும் இடத்தில் 30 மீட்டர் உயர கிண்டர் டௌன்ஃபால் அருவி. கோடையில் சொட்டும். மழைக்குப் பின் மேற்குக் காற்று பலமாக வீசினால் விழும் நீர் மேலே திருப்பி வீசப்பட்டு, வெண்புகை போல எழும். அந்த நாளில் அருவித் தலைக்குப் போகாமல், தெற்கே நூறு மீட்டர் தள்ளி விளிம்பிலிருந்தே பாருங்கள். சாரலில் நனைந்த பாறை வழுக்கும், முகத்துக்கு நேரே காற்று தள்ளும்.