வீட்டுக்கு ஒரு பெரிய டீபாட்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புது வாடகை வீட்டில் பால் காய்ச்சுகிறோம் என்று நாலு பேருக்குச் சொன்னோம். பத்துப் பேர் வந்தார்கள். மின்சாரக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறது, தேத்தண்ணி ஊற வைக்கத்தான் பாத்திரம் இல்லை. மூன்று மூன்று கோப்பையாகப் போட்டுக் கொடுத்து முடிக்கையில், மூலையில் இருந்த பெரியம்மாவுக்கு அரை மணி நேரம் பிந்திவிட்டது. அது மனதைக் குத்தியது. அதனால் சொல்கிறேன், கட்டில், மேசை வாங்கியதும் அடுத்ததாக ஒரு பெரிய டீபாட் வாங்கிவிடுங்கள்.

இந்த நாட்டுப் பழைய டீபாட்டுக்குப் பெயர் பிரவுன் பெட்டி (Brown Betty). உருண்டை வயிறு, பளபளக்கும் கரும்பழுப்பு நிறம். மட்பாண்டத்துக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரத்துப் பக்கத்துச் சிவப்புக் களிமண்ணில் செய்வது. 1690-களிலேயே எலர்ஸ் சகோதரர்கள் என்ற மட்பாண்டக்காரர்கள் அந்த மண்ணில் டீபாட் செய்தார்கள். அந்த மண் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். உருண்டை வயிற்றுக்குள் தேயிலை சுழன்று சாயம் இறங்கும். நம் ஊர்த் தூளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அசலா என்று பார்க்கக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு படாத இடத்தில் சிவப்பு மண் தெரிய வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது நிறம் பூசிய வேறு சாமான்.

அளவில்தான் பலர் ஏமாறுவது. 'ஆறு கப்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் கப் ஒரு அளவு. லீட்டரைக் கேளுங்கள். ஆளுக்கு 200 மில்லி என்றால் எட்டுப் பேருக்கு 1.6 லீட்டர் வேண்டும். பழைய சாமான்களில் பைன்ட் கணக்கு இருக்கும்; ஒரு பைன்ட் 568 மில்லி, ஆகவே மூன்று பைன்ட் பாட் ஏறக்குறைய சரி.

புதிதாக வாங்க வசதி இல்லையென்றால் தானமாக வந்த பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடைகளுக்குப் போங்கள், ஞாயிறு காலையில், காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சந்தைக்கும் போங்கள். என்னுடையது ஒரு சாரிட்டி கடையின் கீழ்த்தட்டில், பூச்சாடிகளுக்குப் பின்னால் இருந்தது. மூடியை எடுத்து வைத்துவிட்டு, வயிற்றில் விரல் நகத்தால் தட்டினேன். டிங் என்றது. மந்தமாக டொக் என்றால் எங்கோ கீறல் இருக்கிறது, வைத்துவிடுங்கள். அப்புறம் நான்கு விரலையும் கைப்பிடிக்குள் விட்டுப் பாருங்கள். விரல் முட்டி டீபாட்டின் வயிற்றில் பட்டால் கொதிநீர் ஊற்றியதும் சுடும். மூடி சாய்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். மூக்குக்கு உட்புறத்து ஓட்டைகள் பழைய பாட்களில் பெரிது, நம் தூள் வந்துவிடும், வடி ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

இருபது முப்பது பேருக்கு என்றால் மண்பாட் சரிவராது. நிறைந்தால் வயதானவர்கள் தூக்க முடியாது. தேவாலய மண்டபங்களில் பாவிக்கும் பெரிய அலுமினியப் பாட் தேடுங்கள். சிலவற்றில் பின்னால் ஒரு கைப்பிடி, முன்னால் மூக்குக்கு மேலே இன்னொன்று. இரண்டு கையாலும் பிடித்து ஊற்றலாம். இணையத்தில் 'கேட்டரிங் டீபாட்' என்று தேடினால் வரும். உள்ளே குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம்.

ஒன்று கவனமாக இருங்கள். மண்பாட்டை அடுப்பில் வைக்கக் கூடாது, குளிர்ந்த டீபாட்டுக்குள் நேரே கொதிநீர் ஊற்றவும் கூடாது. என் முதல் பாட் ஒரு ஜனவரிக் காலையில் அப்படித்தான் பிளந்தது. கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு தேயிலை போடுங்கள். பால், சீனியைக் கோப்பையில் தனியாகச் சேருங்கள். டீபாட்டுக்குள் பால் போனால் மூக்கு கழுவ வராது. மேலே போர்த்த கம்பளி உறையும் அதே சாரிட்டி கடையில் கிடைக்கும், யாரோ ஒரு பாட்டி கையால் பின்னியதாக இருக்கும்.