ஒரு பூவின் தேன் எத்தனை நொடி பறக்க உதவும்? அளந்து பார்க்கும் முறை

கொலராடோ மலைகளில் கோடையில் பூக்கும் ஸ்கார்லெட் கிலியா, நீளக் குழல்போன்ற சிவப்புப் பூ. மகரந்தம் சுமப்பவற்றுள் முக்கியமானது அகன்றவால் ஹம்மிங் பறவை. நம்மூர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். இதுவோ அந்தரத்தில் நின்றே குடிக்கும். அப்படி நிற்க ஆகும் ஆற்றல் செலவோடு சேர்த்துப் பார்த்தால்தான் தேன் அளவுக்கு அர்த்தம் உண்டு.

தேவை: 5 மைக்ரோலிட்டர் கண்ணாடி நுண்குழாய், அளவுகோல், மெல்லிய வலைத்துணிப் பை, மிகச் சிறு துளியையும் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கருவி). சாதாரண ரிஃப்ராக்டோமீட்டருக்குப் பல துளிகள் வேண்டும்; இங்கே அது உதவாது.

1. பூவின் அடிப்பகுதியைப் பாருங்கள். துளை இருந்தால் வண்டுத்தேனீ கடித்துத் தேனைத் திருடியிருக்கிறது. அந்தப் பூவை விடுங்கள். மற்றதில் இருக்கும் தேனை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பை கட்டுங்கள்.

2. 24 மணி நேரம் கழித்து நுண்குழாயை மெதுவாக உள்ளே விடுங்கள். குத்திவிட்டால் திசுச் சாறு கலந்து அளவு கெடும்.

3. தேன் ஏறிய நீளத்தை அளங்கள். குழாய் 32 மி.மீ. என்றால் ஒரு மி.மீ. 0.16 மைக்ரோலிட்டர். 25 மி.மீ. ஏறினால் 3.9 மைக்ரோலிட்டர்.

4. காய்ச்சி வடித்த நீரில் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு, தேனை உடனே வைத்துப் படியுங்கள். தாமதித்தால் நீர் ஆவியாகிச் சர்க்கரை அளவு கூடுதலாகக் காட்டும்.

5. 25 என்று காட்டினால் அது 100 கிராம் கரைசலில் 25 கிராம் சர்க்கரை. அடர்த்தி 1.10 என்பதால் மைக்ரோலிட்டருக்கு 0.276 மி.கி. புதியவர்கள் 0.25 என்று போட்டுவிடுவார்கள். பத்தில் ஒரு பங்கு அங்கேயே தொலையும். 3.9 மைக்ரோலிட்டருக்கு 1.08 மி.கி.; மி.கி.க்கு 16.5 ஜூல் வீதம் சுமார் 18 ஜூல்.

6. 3.5 கிராம் பறவை அந்தரத்தில் நிற்கையில் கிராமுக்கு மணிக்குச் சுமார் 40 மி.லி. ஆக்சிஜன் வேண்டும். ஒரு மி.லி.க்கு 21 ஜூல் என்றால் நொடிக்கு 0.82 ஜூல். 18 ஜூல், 22 நொடி.

இது பையிட்ட பூவின் கணக்கு. பறவைக்குக் கிடைப்பதை அறிய, பையிடாத பூக்களையும் அளங்கள். அரை மைக்ரோலிட்டர்தான் இருந்தால் மூன்று நொடிகூடத் தாங்காது. அதனால் சில பூக்களில் குடித்துவிட்டுப் பறவை வேறு செடிக்குப் போய்விடும், தலையில் ஒட்டிய மகரந்தத்தோடு. கிலியா நன்றாக விதை வைக்க வேறு செடியின் மகரந்தம்தான் வேண்டும்.