சிங்கப்பூர் பயிற்சி அனுமதி மறுக்கப்பட்டால்

சிங்கப்பூரில் இன்டர்ன்ஷிப்புக்கான டிரெய்னிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டு மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுவதற்கான அனுமதி) மறுக்கப்பட்டால், அதே விண்ணப்பத்தை அப்படியே திரும்பப் போடாதீர்கள். முதலில் மனிதவள அமைச்சு சொன்ன மறுப்புக் காரணத்தின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பித்தது நிறுவனம் என்பதால் பதிலும் அவர்களுக்குத்தான் போகும், மேல்முறையீடும் அவர்கள்தான் செய்ய வேண்டும். பல மாணவர்கள் காரணமே தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள், பாவம்.

காரணத்துக்கு நேராகப் பதில் சொல்லும் புதிய ஆவணம் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கு உயிர் உண்டு. உதாரணமாக, இந்தப் பயிற்சி உங்கள் பட்டப்படிப்பின் ஒரு பகுதி என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் தரும் கடிதம். "பயிற்சி பெற அனுமதிக்கிறோம்" என்ற பொதுவான வரி போதாது. பாடத்தின் பெயர், கிரெடிட், தேதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். காலதாமதம் வேண்டாம், கெடு உண்டு.

நிலையான மாதச் சம்பளம் 3,000 சிங்கப்பூர் டாலருக்குக் கீழே என்பதுதான் காரணம் என்றால் கடிதம் உதவாது. அப்போது டிரெய்னிங் ஒர்க் பெர்மிட் என்ற வேறொரு பயிற்சி அனுமதி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அதற்கு கோட்டாவும் (எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற வரம்பு) லெவியும் (அதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் தொகை) உண்டு, அதனால் சின்ன நிறுவனங்கள் தயங்கலாம். அப்புறம், டிரெய்னிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அதிகபட்சம் 3 மாதம்தான், நீட்டிக்க முடியாது. ஆறு மாதப் பயிற்சிக்கு இதை நம்பி மேல்முறையீடு செய்வது வீண்.