ஒன்பது கூடைகள் கொண்ட சிறிய டிஸ்க் கோல்ஃப் திடலை மதிப்பிடுவது எப்படி?

கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிரந்தரத் திடல் தொடங்கி, டிஸ்க் கோல்ஃப் (டிஸ்க் எனப்படும் தட்டை எறிந்து, கம்பத்தில் பொருத்திய சங்கிலிக் கூடையில் குறைந்த எறிதல்களில் விழச்செய்யும் ஆட்டம்) பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில் பிறருடன் இடத்தைப் பகிர்ந்துகொண்டே வளர்ந்திருக்கிறது. ஆகவே அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் ஒன்பது கூடைத் திடலை மதிப்பிடும்போது, கிடைத்த நிலத்தை அது எவ்வளவு அறிவோடு பயன்படுத்தியிருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

முதல் சுற்றை டிஸ்க் எறியாமல் நடந்தே முடியுங்கள். அதையும் பூங்காவில் கூட்டம் மிகுந்திருக்கும் விடுமுறை நாள் மாலையில் செய்யுங்கள். ஒவ்வொரு டீயிலும், அதாவது ஒவ்வொரு கூடைக்கும் முதல் எறிதலைத் தொடங்கும் இடத்திலும் நின்று, குறி தவறிய எறிதல் எங்கே போய் விழும் என்று பாருங்கள். ஏறத்தாழ 170 கிராம் எடையும் கெட்டியான விளிம்பும் கொண்ட டிஸ்க், நடைபாதையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ அடுத்த டீயிலோ விழக்கூடுமானால், மற்றெல்லாச் சிறப்புகளுக்கும் முன்பாக அந்தக் குறையையே எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, டீயிலிருந்து கூடை வரை செல்லும் பாதைகள் வளையும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் பேக்ஹேண்ட் முறையில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து வெளிப்புறமாக வீசி) எறியும் டிஸ்க், வேகம் குறையும்போது இயல்பாகவே இடப்பக்கம் சரியும்; எனவே பெரும்பாலான பாதைகள் இடப்பக்கமே வளைந்தால், அவர் ஒரே எறிதலைத் திரும்பத் திரும்பச் செய்து சுற்றை முடித்துவிடுவார், இடக்கைக்காரரோ தொடக்கம் முதலே திணறுவார். தூரம் குறைவாக இருப்பதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. 60 முதல் 90 மீட்டர் வரையிலான பாதைகள் புதியவர்களுக்கு நம்பிக்கையூட்டுபவை. அவற்றில் இரண்டு மரங்கள் சரியான இடத்தில் நின்றாலே தேர்ந்த ஆட்டக்காரரும் யோசித்து எறியவேண்டியிருக்கும். வெட்டவெளியில் ஒன்பது கூடைகளையும் ஒரே தூரத்தில் நட்டிருந்தால்தான் ஆட்டம் சலிக்கும்.

டீயை மழைக்கு மறுநாள் பார்ப்பது நல்லது. கான்கிரீட் தளம் இல்லாத மண் டீ நாளடைவில் குழிந்து சேறாகும்; ஓடிவந்து எறிபவரின் கால் அங்கே வழுக்கி முழங்கால் பிசகக்கூடும். கூடையின் சங்கிலிகள் அறுந்திருக்கின்றனவா, அடுத்த டீக்கு வழிகாட்டும் பலகை இருக்கிறதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளை எழுதும்போது கூடையின் எண்ணைக் குறிப்பிட்டு, எளிதில் தீர்பவற்றைத் தனியாகவும் நிலத்தின் அமைப்பால் நேர்பவற்றைத் தனியாகவும் பிரித்துக் காட்டுங்கள். குறுகலான நிலத்தை யாராலும் அகலப்படுத்த இயலாது. ஆனால் கூடைக் கம்பத்தைச் செருகும் குழாயை இன்னோர் இடத்திலும் புதைத்துவிட்டால், அதே கூடையை அவ்வப்போது மாற்றி நட்டு, நடைபாதையிலிருந்து விலக்கவும் புதிய கோணத்தை உருவாக்கவும் முடியும். பூங்காவைப் பராமரிக்கும் துறைக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்த யோசனையையே முதலில் வையுங்கள்.