15-ஐத் தொட்டால் 14-ல் விழுந்த குறிப்பு

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சொந்தமாக ஒரு நாட்காட்டி எழுத ஆரம்பித்தேன். கட்டங்கள் சரியாக வந்தன. ஆனால் ஆகஸ்ட் 15-ல் எழுதிய குறிப்பு 14-ல் போய் உட்கார்ந்தது. கன்சோலில் (நிரல் தரும் விடையைக் காட்டும் பகுதி) போட்டுப் பார்த்ததும் பிடிபட்டது: 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' என்ற கட்டளை தேதியை யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி எழுத்தாகத் தருகிறது. நமக்கு நள்ளிரவு 12 மணி என்றால் அதில் முந்தைய நாள் மாலை 6.30. தேதி இருக்கும் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் நேற்றைய தேதிதான் கிடைக்கும்! அதைத் தூக்கிவிட்டு, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் 'கெட்ஃபுல்இயர்', 'கெட்மன்த்', 'கெட்டேட்' கொண்டு தனித்தனியாக எடுத்துக் கோத்தேன். இதில் மாத எண் 0-வில் தொடங்கும், 1 கூட்ட வேண்டும் (யார் யோசனையோ!). ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் 0 போட 'பேட்ஸ்டார்ட்'. தமிழ் மாதங்களுக்குச் சூத்திரம் தேடவில்லை. 29 முதல் 32 நாள் வரை மாறுவதால், பஞ்சாங்கம் பார்த்து மாதப் பிறப்புத் தேதிகளை அட்டவணையாகவே ஏற்றிவிட்டேன்.