யாழ்ப்பாணத்தில் குணச்சித்திர நடிகராக வர நினைக்கிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

கதாநாயகன் கனவெல்லாம் இல்லாமல், தகப்பன், மாமா, வாத்தியார், சங்கக்கடை மனேஜர் என்று வந்து போகிற வேடங்களில் காலம் முழுக்க நடிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் நல்ல திறமைசாலிகளும் திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள் இவை.

எல்லாவற்றிலும் பெரியது, கமரா ஓடத் தொடங்கியதும் சொந்தப் பேச்சை விட்டுவிட்டுச் சென்னைத் தமிழுக்குத் தாவுவது. வீட்டில் "என்ன கதைக்கிறாய்?" என்று கேட்கிற மனுசன் குறும்படத்தில் "என்ன பேசுற நீ?" என்கிறார். பார்க்கிற சனத்துக்கு அந்த ஆளில் நம்பிக்கை போவது அந்த இடத்தில்தான். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பு இத்தனை வருசம் நிற்பது ஒரு பஸ் கொண்டக்டரின் பேச்சையும் அவசரத்தையும் அப்படியே மேடைக்குக் கொண்டு வந்ததால். அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, 2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் முதன்மை வேடத்தில் எங்கள் தமிழைக் கதைத்துத்தான் நடித்தார். இந்தியத் தொடரில் இடம் கிடைத்து அந்தத் தமிழ் வேணும் என்றால் சரி, அதைத் தனியாகப் பழகுங்கள். ஆனால் முதலில் வடமராட்சிக் கிழவர் கதைப்பதற்கும் தீவுப்பகுதிக் கிழவர் கதைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காதில் வாங்குங்கள்.

அடுத்தது மேடைக் குரல். மேடையில் இருந்து திரைக்கு வருவது இங்கே பழைய வழிதான், சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ 1977 இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தபோதும் எங்கள் நாடகக்காரர்களைத்தான் நடிக்க வைத்தார். ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், சட்டைக்குள் செருகிய மைக்கில் கத்தலாகத்தான் விழும். குளோசப்பில் புருவம் கொஞ்சம் ஏறினாலே போதும். அப்புறம், ஒரே காட்சியைத் தூரத்தில் இருந்து ஒருக்கா, கிட்ட இருந்து ஒருக்கா என்று பல தடவை எடுப்பார்கள். முதல் தடவை எந்தச் சொல்லில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தீர்களோ, ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில்தான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் எடிட்டரால் ஒட்ட முடியாது, கடைசியில் வெட்டுப்படுவது உங்கள் நடிப்புத்தான்.

காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற தகப்பனாக ஒருக்கா நன்றாக நடித்துவிட்டால், அடுத்து வருகிற இயக்குநர்களும் அதே தகப்பனைத்தான் கேட்பார்கள். மறுக்கச் சொல்லவில்லை, அந்தக் கதைகள் கட்டாயம் சொல்லப்பட வேண்டியவை. பிழை எங்கே என்றால், எல்லாப் படத்துக்கும் அதே அழுகையைக் கொண்டு போவதில். ஒரு தகப்பன் ஆத்திரப்படுவார், இன்னொருவர் ஒரு சொல்லும் கதைக்காமல் போமை நிரப்பி அடுத்த கந்தோருக்கு நடப்பார், இன்னொருவர் பிள்ளையின் சைக்கிளை யாருக்கும் கொடுக்க மாட்டார். அந்த வித்தியாசத்தைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் தொழில்.

முதல் படம் பேர் வாங்கியதும் வேலையை விட்டுவிடாதீர்கள், இங்கே நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது மிகவும் கஷ்டம்.

காசு விசயத்தில் "பார்த்துச் செய்வம் தம்பி" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் போகவும் வேண்டாம், அதைச் சொல்வது ஊர்க்காரராக இருந்தாலும் வெளிநாட்டில் இருந்து காசு போடுகிறவராக இருந்தாலும். எத்தனை நாள், எவ்வளவு, போக்குவரத்து யார் பொறுப்பு, டப்பிங்குக்குத் தனியாகக் காசு உண்டா என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். படம் வெளிவந்த பிறகு உங்கள் காட்சிகளின் பிரதி தருவார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். அடுத்த இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுதான் வேணும்.